கமரா எங்கே நிற்கிறது? பாட்டும் அதன் கவரும் ஒட்டுவது பற்றி

கேள்வி: கொட்டகலையில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆறு பாட்டுகள் பதிவு செய்திருக்கிறோம். இரண்டு தாலாட்டு, எங்கள் பாட்டியிடம் கேட்டு எடுத்தவை. ஒன்று தப்பு (பறை) வைத்தது. மற்ற மூன்றும் கிட்டாரும் வயலினுமாக மெதுவாகப் போகிறவை. தகரக் கூரை போட்ட அறையில் பதிந்ததால் மழைச் சத்தமும் உள்ளே வந்துவிட்டது; அதை நாங்கள் எடுக்கவில்லை. 200 சீடி போடுகிறோம், இணையத்திலும் வெளியிடுகிறோம். கவருக்குக் கொழுந்து பறிக்கும் பெண்கள், பச்சை மலை, பனி என்று ஒரு படம் வைத்தோம். எல்லாரும் அழகு என்கிறார்கள். ஆனால் பாட்டைக் கேட்டுவிட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை. பாட்டின் உணர்வைக் கவரில் எப்படிக் கொண்டுவருவது?

தம்பி, ஒட்டவில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறதே, அந்த உறுத்தல் சரியானது. அதை விட்டுவிடாதீர்கள். ஹட்டனில் கேசட் காலத்திலிருந்து இந்த அட்டை வேலை செய்துவருகிறேன். எந்தக் கவரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தப் படத்தை எடுத்தவர் எங்கே நின்றுகொண்டிருந்தார்?

உங்கள் படத்தை எடுத்தவர் ரோட்டில் நின்றிருக்கிறார். வேனை நிறுத்தி, ஆட்கள் இறங்கிப் படம் பிடிக்கிற வளைவு எல்லா மலையிலும் ஒன்று இருக்குமே, அது. கீழே சரிவு, நடுவில் வரிசையாகப் பெண்கள், பின்னால் பனி, ஒருவர் மட்டும் நிமிர்ந்து சிரிக்கிறார். ரோட்டிலிருந்து பார்க்கிறவருக்கு மலையகம் அப்படித்தான் தெரியும். ஆனால் உங்கள் பாட்டு ரோட்டில் நின்று பாடியதல்ல, கூரைக்குக் கீழே உட்கார்ந்து பாடியது. பாட்டு கேட்கிறவரின் காதைப் பிடித்து அறைக்குள் இழுக்கிறது. கவர் அவருடைய கண்ணை ரோட்டிலேயே நிறுத்திவைக்கிறது. ஒட்டாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

அந்தப் படத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதற்கு ஏற்கெனவே ஒரு பாட்டு இருக்கிறது. தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பதுதான் அவருடைய விளம்பரத்தின் சாரம். அந்தப் பழைய விளம்பரங்களில் கூடை சுமக்கும் நம் பெண்ணின் படம் கடல் தாண்டிப் போனது. அன்றிலிருந்து நூற்றாண்டுக்கு மேலாகத் தேயிலைப் பெட்டியிலும் தபால் அட்டையிலும் விமான நிலையத்துச் சுவரிலும் அதே படம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் பார்த்ததும் மனதில் ஒலிப்பது ‘வாருங்கள், புதிதாகப் பறித்தது, குடித்துப் பாருங்கள்’ என்பதுதான். உங்கள் தாலாட்டு சொல்வதோ ‘சீக்கிரம் தூங்கு, விடியுமுன் நான் பெரட்டுக்குப் போகவேண்டும்’ என்பது. பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம். ஒரே மலை, ஒரே பெண். ஆனால் பேசுகிறவர் வேறு.

அதனால் பாட்டு எதைப் பற்றியது என்பதைப் படமாகப் போடப் பார்க்காதீர்கள். பாட்டு எங்கிருந்து பாடப்படுகிறது, எந்த வேளையில், கேட்கிறவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் என்று பாருங்கள். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் படம் தானாக வரும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’ தொகுப்பு. பெரிய வாத்தியக் குழு வைத்திருந்தவர், அந்தப் பாட்டுகளை மட்டும் வீட்டில் உட்கார்ந்து, நான்கு தடம் கொண்ட ஒரு கேசட் கருவியில் தனியாகப் பதிந்தார். கவரில் அவருடைய முகம் இல்லை. ஓடும் வண்டியின் முன்கண்ணாடி வழியாகத் தெரியும் வெறும் ரோடும் தட்டையான நிலமும் கனத்த வானமும், கருப்பு வெள்ளையில். மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டையில் சிவப்பு எழுத்து. அந்த நிலம் எத்தனையோ பேர் எடுத்த நிலம்தான். வித்தியாசம், நாம் வண்டிக்குள் இருக்கிறோம். கண்ணாடியின் விளிம்பு படத்தில் தெரிகிறது. வெளியே குளிர், உள்ளே ஒரே ஆள். பாட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

புளூ நோட் நிறுவனத்தின் ஜாஸ் தட்டுகளையும் தேடிப் பாருங்கள். 1950களின் நடுவிலிருந்து பத்தாண்டுக்கு மேல் அங்கே நூற்றுக்கணக்கான கவர்களை வடிவமைத்தவர் ரீட் மைல்ஸ். அவருக்கு ஜாஸ் அவ்வளவாகப் பிடிக்காது. மேலைச் செவ்வியல் இசைதான் விருப்பம். நிறுவனத்தை நடத்திய ஆல்ஃபிரட் லயன் ஒவ்வொரு தட்டும் எப்படிப்பட்டது, என்ன மனநிலை என்று வாயால் விவரிப்பார். அதைக் கேட்டு இவர் அட்டை போடுவார். படங்கள் பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்தவை, பெரும்பாலும் ஒலிப்பதிவு நடக்கும்போதே அந்த அறைக்குள் நின்று எடுத்தவை. வியர்வை, சிகரெட் புகை, கண் மூடிய முகம். அதன்மேல் பெரும்பாலும் ஒரே ஒரு நிறம், நீலமோ சிவப்போ. காசு மிச்சப்படுத்தத்தான் இரண்டு நிறத்தில் அடித்தார்கள், ஆனால் இன்றைக்கும் அந்த அட்டைகளைப் பார்த்தால் இரவும் அறையும் தெரிகிறது. 200 சீடி போடுகிறவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: நிறம் குறைந்தால் உணர்வு குறையாது.

சரி, உங்கள் அறைக்கு வருவோம். பாட்டி இருக்கும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பொழுது விடிகிற வேளையில் அடுப்படியில் நின்று வாசலைப் பாருங்கள். உள்ளே முழு இருட்டு. அடுப்பின் சிவப்பு தரையில் ஒரு சாண் அளவுக்கு மட்டும். வாசல் ஒரு நீண்ட வெளிச்சச் சட்டம். அதற்குள் இஸ்தோப்பின் (முன் திண்ணையின்) விளிம்பு, கொடியில் தொங்கும் படங்கு (கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்கு), அதற்கு அப்பால் மலை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை. மலை தெரியாது. கூரை விளிம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். கமராவை அங்கே நிறுத்துங்கள். ஆளே வேண்டாம். வேண்டுமென்றால் வாசற்படியில் ஒரு ஜோடி செருப்பு போதும். யாரோ போய்விட்டார், அல்லது போகப் போகிறார். தாலாட்டு நடப்பது அந்த இரண்டுக்கும் நடுவிலான கால் மணி நேரத்தில்தானே?

முகம் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பாடுகிறவரின் முகம் பெரிதாக வந்தால், கேட்கிறவர் ஆளைத்தான் கேட்பார், பாட்டுக்கு இரண்டாம் இடம். சினிமாக் கேசட்டுகளுக்கும் பக்திக் கேசட்டுகளுக்கும் அது பொருந்தியது, அங்கே ஆளுக்காகவும் சாமிக்காகவும்தான் வாங்கினார்கள். கேசட் அட்டையின் வடிவமும் அதற்கு ஒத்துழைத்தது: முன்பக்கம் ஏறக்குறைய 6.5 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். நிற்கிற ஆளுக்கென்றே வெட்டியது போன்ற அளவு, அதில் மலையைப் போட்டால் மூச்சு முட்டும். சீடி அட்டை 12 சென்டிமீட்டர் சதுரம். சதுரத்தில் வாசல் நிற்கும், அதன் இருபுறமும் இருட்டுக்கும் இடம் இருக்கும். அந்த இருட்டை நிரப்ப ஆசை வரும். பெயர், குழுவின் சின்னம், ஆதரவாளர் பெயர் என்று ஒவ்வொன்றாக வந்து கேட்கும். கொடுக்காதீர்கள். உங்கள் பாட்டில் வயலின் வருவதற்கு முன்னால் மழை மட்டும் கேட்கிற இடம் ஒன்று இருக்குமே, அந்த இடம்தான் இந்த இருட்டு. மன்ஃபிரெட் ஐகர் 1969இல் மூனிக்கில் தொடங்கிய இ.சி.எம். நிறுவனத்தின் கவர்களில் வெறும் கடல், வெறும் வானம், மங்கலான ஓர் அடிவானம் என்று எத்தனையோ இருக்கின்றன. பாடகர் முகம் இல்லாமலே பல தட்டுகளை அரை நூற்றாண்டாக விற்கிறார்கள். தட்டைக் கையில் எடுக்கும்போதே, மெதுவாகக் கேட்கவேண்டியது இது என்று தெரிந்துவிடும்.

இனி அச்சு. நம் பக்கத்துக் கவர்களில் பாதி கெட்டுப்போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பனியை அச்சடிப்பது கஷ்டம். திரையில் வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு அழகாகக் கரைகிற பனி, ஆஃப்செட்டில் சின்னச் சின்ன மைப் புள்ளிகளாக மாறுகிறது. 3 வீதத்துக்கும் குறைவான புள்ளிகளைப் பல இயந்திரங்களில் தாளில் நிற்கவைக்க முடியாது. எனவே பனி கரைந்து முடியவேண்டிய இடத்தில் சட்டென்று ஒரு கோடு விழும், அதற்கு அப்பால் மொட்டைத் தாள். டிஜிட்டல் இயந்திரத்தில் அடித்தால் (200 பிரதிக்கு அதுதான் கட்டுப்படியாகும்) கோட்டுக்குப் பதிலாகப் படிப்படியாகப் பட்டைகள் விழலாம். இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, படத்தில் மெல்லிய மணல் போன்ற சொரசொரப்பைச் சேர்ப்பது. பட்டைகள் அதில் உடைந்துவிடும், பழைய ஃபிலிம் படம் போன்ற மென்மையும் வரும். மற்றது எனக்குப் பிடித்த வழி: பனியை அச்சடிக்கவே வேண்டாம், தாளே பனியாக இருக்கட்டும். பளீர் வெள்ளை இல்லாமல் சற்றே மங்கலான, பூச்சில்லாத தாளை எடுத்து, இருட்டை மட்டும் மையால் அடியுங்கள். வாசலுக்கு வெளியே மையே இல்லை. 

பூச்சில்லாத தாள் மையைக் குடிக்கும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம். இருட்டில் இருக்கும் விவரமெல்லாம் ஒரே கருப்பாக மூடிக்கொள்ளும். அடுப்பின் சிவப்பு வேண்டுமென்றால் திரையில் பார்ப்பதைவிடச் சற்று வெளிச்சமாகவே கோப்பை அனுப்புங்கள். நம் ஊர் ஈரத்தில் தாள் சுருளும் என்பதும் உண்மை. அதற்குப் பயந்து எல்லாவற்றுக்கும் பளபளக்கும் லாமினேட் போட்டால் மறுபடியும் தேயிலைப் பெட்டி கையில் வந்துவிடும். அட்டையைக் கனமாக எடுத்து, மடிப்பைத் தாளின் இழை ஓடும் திசையிலேயே போடச் சொல்லுங்கள். அது போதும். பழுப்பு கிராஃப்ட் அட்டை இப்போது எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, இயற்கையாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அச்சு மை ஒளிபுகும் மை. பழுப்பின்மேல் மஞ்சள் காணாமல் போகும், வெள்ளைக்குத் தனி மை வேண்டும். உங்கள் விடியற்காலை அந்தத் தாளில் சாயங்காலமாகிவிடும்.

எழுத்து விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு தாலாட்டுத் தொகுப்புக்குப் பாட்டு வரிகளைச் சின்னப் புத்தகமாகப் போட்டோம். கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, அதுவும் 6 பாயின்டில். திரையில் பார்க்க நட்சத்திரம் மாதிரி இருந்தது. அச்சகத்திலிருந்து கட்டு வந்தது, பிரித்தேன். கருப்பு மை பரவிப் புள்ளிகளை எல்லாம் அடைத்திருந்தது. ‘கண்ணே’ என்ற சொல் ‘கணணே’ ஆகியிருந்தது. ‘மண்’ எல்லாம் ‘மண’. பக்கம் முழுக்க ஒரு மெய்யெழுத்துகூட இல்லை. பாடிய அம்மா கண்ணாடியை ஏற்றிவைத்து, ஒரு வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, மடித்து வைத்துவிட்டார். அன்றிலிருந்து இருட்டின்மேல் தமிழ் போட்டால் 9 பாயின்டுக்குக் கீழே போவதில்லை. கோடு மெல்லிய எழுத்துருவையும் தொடுவதில்லை. ஆங்கிலத்துக்கு ‘i’ மேலே ஒரு புள்ளி போனாலும் வாசித்துவிடலாம். நமக்குப் புள்ளி போனால் சொல்லே போய்விடும்.

தலைப்புக்கு எந்த எழுத்துரு என்பதும் நிற்குமிடத்தைப் பொறுத்ததுதான். பழைய தேயிலைப் பெட்டிகளில் தகட்டை வைத்து மை பூசிய எழுத்துகள் இருந்தனவே, தோட்டத்தின் பெயரும் பி.ஓ.பி. என்ற தரமும் எடையும். அந்த எழுத்துப் பாணி இப்போது வடிவமைப்பாளர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, எனக்கும் அதன் அழகு பிடிக்கும். ஆனால் அது ஸ்டோரின் (தேயிலைத் தொழிற்சாலையின்) குரல். பெட்டிமேல் பெயர் குத்துகிறவரின் குரல். தொழிற்சாலையைப் பற்றிய பாட்டென்றால் வையுங்கள், தாலாட்டுக்கு வேண்டாம். தலைப்பைக் குழுவில் ஒருவர் தூரிகையாலோ கரித்துண்டாலோ கையால் எழுதட்டும். இருபது தரம் எழுதி, அதில் மூச்சு விடாமல் வந்த ஒன்றை எடுங்கள். தலைப்பு முன்பக்கம் வரவே வேண்டும் என்றும் இல்லை. இங்கிலாந்தின் ஜோய் டிவிஷன் இசைக்குழுவின் 1979ஆம் வருடத்து முதல் தொகுப்புக்குப் பீட்டர் சேவில் போட்ட அட்டையில் முன்பக்கம் குழுவின் பெயரும் இல்லை, தலைப்பும் இல்லை. ஒரு துடிப்பு விண்மீனிலிருந்து வந்த ரேடியோ அலைகளை அடுக்கடுக்கான கோடுகளாக வரைந்த படம், கருப்பு அட்டையில் வெள்ளையாக. தலவாக்கலைப் பக்கம் மலைமுகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிவதுபோலவே எனக்கு அது தோன்றும். அட்டையே சொரசொரப்பானது. அந்த இசையின் குளிர் கையிலேயே தொடங்கிவிடுகிறது.

தப்புப் பாட்டை என்ன செய்வது என்பதுதான் உங்கள் தொகுப்பில் சிக்கலான இடம். ஐந்து பாட்டு அறைக்குள் இருக்கிறது, இது மட்டும் முற்றத்தில். ஒரு காலத்தில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடவும் தப்படித்தார்கள், இன்றும் திருவிழாவுக்கும் அடிக்கிறார்கள், சாவுக்கும் அடிக்கிறார்கள். அதை முன்பக்கத்தில் தாலாட்டோடு சேர்த்தால் இரண்டும் கெடும். ஆனால் சீடி கவர் ஒரே படமல்ல தம்பி, திறக்கிற பொருள். திறப்பதற்கு நேரம் எடுக்கிறது, அந்த நேரத்தை நீங்கள் இசையமைப்பதுபோல அமைக்கலாம். வெளியே வாசல். மடிப்பைத் திறந்தால் இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் தட்டு. தட்டைக் கையில் எடுத்ததும் அதன் அடியில் தெரியும் வட்டத்தில் தப்பின் தோல். முழுத் தப்பையும் எடுக்கவேண்டாம், தோலை மட்டும் எடுங்கள், விளிம்பு வெளியே போகும்படி மிக நெருங்கி. குச்சி விழுந்து விழுந்து நடுவில் ஓர் இடம் பளபளப்பாகியிருக்கும். நெருப்பில் காய்ச்சியதால் ஓரத்தில் கருகல் படிந்திருக்கும். நம் குளிரில் தோல் தளர்ந்துவிடும், ஒவ்வொரு தரமும் தீ மூட்டிக் காய்ச்சித்தான் அடிக்க முடியும் என்பது உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெளியே அடுப்பின் சிவப்பு, உள்ளே தோலில் நெருப்பின் கருகல். இரண்டும் ஒரே தீ. பாட்டு வரிசையில் தப்புப் பாட்டைக் கடைசியில் வைத்திருந்தால் இந்த ஒழுங்கு இன்னும் பொருந்தும். நடுவில் இருந்தால், மாற்ற முடியுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

உள்ளே வரிகளைப் போடுவீர்கள் அல்லவா? பாட்டி பாடியபடியே போடுங்கள். ‘பெரட்டு’ என்று பாடியிருந்தால் ‘பெரட்டு’ என்றே, ‘கெடக்கு’ என்றால் ‘கெடக்கு’ என்றே. திருத்திய தமிழில் போட்டால் அவருடைய குரல் போய்விடும். வட்டகொடைப் பக்கம் மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கியதால்தான் எத்தனையோ வரி இன்று நம் கையில் இருக்கிறது. உங்கள் சின்னப் புத்தகமும் அந்த வேலையின் தொடர்ச்சிதான். பாடியவர் பெயர், கற்றுக்கொடுத்தவர் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், பதிந்த மாதம், எல்லாம் வரட்டும். அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். நன்றிப் பட்டியலின் அடியில் சின்னதாக வேண்டாம். பாட்டின் தலைப்புக்கு நேர் கீழே, வரிகளின் அளவிலேயே. பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும்: நான்கு, எட்டு, பன்னிரண்டு. ஆறு பாட்டுக்கு எட்டுப் பக்கம் தாராளம். ஒரு பக்கத்தை வெறுமையாக விடக்கூட இடம் கிடைக்கும்.

இணையத்துக்கு 3000க்கு 3000 பிக்சல் சதுரம் கேட்பார்கள். ஆனால் பார்க்கிறவருக்கு அது ஃபோனில் கட்டைவிரல் நகமளவுதான் தெரியும். அந்த அளவில் செருப்பு தெரியாது, படங்கு தெரியாது. வாசல் தெரியும்: கருப்புக்குள் ஒரு நீண்ட வெளிச்சம். அது தெரிந்தால் போதும். நகமளவில் எதுவும் தெரியவில்லை என்றால் வாசல் படத்தில் மிகச் சிறிதாக இருக்கிறது என்று பொருள். இரண்டடி முன்னால் போய் எடுங்கள்.

கடைசியாக ஒன்று. அச்சகத்தில் ஒரு மாதிரிப் பிரதி அடித்துத் தருவார்கள். அங்கேயே டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். வெளிச்சம் மாறினால் மையின் நிறமும் மாறித் தெரியும். அதை வாங்கிக்கொண்டு கொட்டகலைக்குப் போய், பாட்டு பதிந்த அறையிலேயே, மழை பிடித்த ஓர் அந்தியில், நீங்கள் வழக்கமாகப் போடும் பல்பின் கீழே வைத்து, பாட்டையும் போட்டுவிட்டுப் பாருங்கள். ஐந்து பேரும் பாருங்கள், பாட்டியும் பார்க்கட்டும். இருட்டில் பச்சை ஏறியிருந்தால் மஞ்சளையும் நீலத்தையும் சற்றுக் குறைக்கச் சொல்லுங்கள். அடுப்பு தெரியவே இல்லையென்றால் கருப்பை 5 வீதம் இறக்கி இன்னொரு மாதிரி கேளுங்கள், தயங்கவேண்டாம். இரண்டாம் மாதிரிக்குக் கொஞ்சம் செலவாகலாம், அதைக் கொடுத்துவிடுங்கள்.